படங்களின் தனிக்குடித்தனம்

ஷோபனாவின் சமையலறையில் மிளகாய்த்தூள் டப்பாவைத் திறந்தால் உள்ளே மிளகாய்த்தூள்தான் இருக்கும். பிஸ்கட் டப்பாவில் பிஸ்கட் இருக்கும். இதெல்லாம் ஒரு பெருமையா என்று கேட்பவர்கள் போர்ட் பிளேரை ஒட்டிய கராச்சர்மாவில் நாலு வீடு ஏறி இறங்கிவிட்டு வந்து பேசலாம். பிஸ்கட் டப்பாவில் ஊசி நூல் வைக்காத வீடு அந்த வட்டாரத்தில் அவளுடையது ஒன்றுதான். அவள் கணவர் பாலகுமார் ஃபீனிக்ஸ் பே படகுத்துறையில் டிக்கெட் கவுன்டரில் இருக்கிறவர். வீட்டுக்கு வந்ததும் சாவியை ஆணியில் மாட்டாமல் டிவி மேல் வைப்பார், அதற்காகப் பேச்சு வாங்குவார், மறுநாளும் டிவி மேல்தான் வைப்பார்.

அவளுடைய அப்பா அருப்புக்கோட்டையிலிருந்து கான்ட்ராக்ட் வேலைக்கு வந்து தீவிலேயே தங்கிவிட்டவர். ஷோபனா பிறந்தது, படித்தது, கல்யாணம் முடித்தது எல்லாம் போர்ட் பிளேரில். அருப்புக்கோட்டை அவளுக்கு லீவுக்குப் போகிற மெயின்லேண்ட் ஊர், அவ்வளவே. தமிழில் ஆரம்பித்த வாக்கியத்தை ஹிந்தியில் முடிப்பாள். கோபம் வந்தால் மட்டும் அருப்புக்கோட்டைத் தமிழ் கலப்படமில்லாமல் வரும். லம்பா லைனில் ஒரு டிராவல்ஸில் விமான டிக்கெட் போட்டுக்கொடுக்கும் வேலை. மிச்ச நேரத்தில் சம்பளமில்லாத இன்னொரு வேலையும் அவள் தலையில் இருந்தது. அது தீவுத் தமிழர் நலமன்றத்தின் இணையதளம்.

அந்தத் தளத்தை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பார்த்தாலும் பிரமாதம் என்று சொல்ல மாட்டீர்கள். காதுகுத்து, கல்யாணம், வாடகைக்கு வீடு, கப்பல் தள்ளிப்போன சேதி, யாராவது தவறிவிட்டால் அந்தச் சேதி, அவ்வளவுதான் அதில் இருக்கும். ஆனால் வடக்கே தூரத்தில் ரங்கத்திலும் டிக்லிபூரிலும் இருக்கிற தமிழ்க் குடும்பங்கள் காலையில் காபியோடு அதைத்தான் திறந்து பார்க்கும். சட்டென்று திறக்கிற தளம் அது ஒன்றுதான் என்பது ஒரு காரணம்.

அந்த வேகத்துக்கு வழி பண்ணியவன் ஷோபனாவின் தம்பி அருண்பிரசாத். சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். கடலுக்கடியில் கேபிள் வராத காலத்தில் தீவில் இன்டர்நெட் என்பது வரும் ஆனால் வராது. ஒரு படம் முழுதாகத் திறப்பதற்குள் குக்கரில் சோறு வெந்துவிடும். அதனால் அவன் ஸ்டாட்டிக் சைட் ஜெனரேட்டர் என்ற ஒன்றைத் தேர்ந்தெடுத்தான். எழுத்துக் கோப்புகளையும் படங்களையும் அதனிடம் கொடுத்தால் மொத்தத் தளத்தையும் முன்கூட்டியே செய்து தந்துவிடும். ஆள் வந்து உட்கார்ந்த பிறகு தோசை வார்க்கிற ஹோட்டல் இல்லை அது. எல்லாம் சமைத்து இலை போட்டுத் தயாராக இருக்கிற பந்தி. வந்தவர் உட்கார வேண்டியதுதான் பாக்கி.

அந்தப் பந்திக்குச் சாமான் போனது பென்டிரைவில். தீவிலிருந்து படங்களை அனுப்பக் கம்பி இல்லாததால், ஷோபனா எழுத்தையும் படங்களையும் ஒரு பென்டிரைவில் போட்டு, சென்னைக்கு விமானம் ஏறுகிற யாராவது ஒருவரின் சட்டைப்பையில் திணித்து அனுப்புவாள். அங்கே அருண்பிரசாத் வாங்கி, படங்களைச் சின்னதாக்கி, தளத்தைச் செய்து ஏற்றிவிடுவான். வேலை முடிந்த பென்டிரைவ் இந்தப் பக்கம் வருகிற யாரிடமாவது திரும்பி வரும். சும்மா வராது. கொண்டுவருகிறவருக்குக் கூலியாக அதில் புதுப் பாட்டு, புதுப் படம் எல்லாம் நிரப்பிக் கொடுப்பது வழக்கம். இன்டர்நெட் இல்லாத ஊரில் அதைவிட நல்ல கூலி கிடையாது. கொண்டுவந்தவர் பாட்டை நகலெடுத்துக்கொண்டு பென்டிரைவை ஷோபனாவிடம் சேர்ப்பார்.

பிறகு கேபிள் வந்தது, பென்டிரைவ் பயணம் நின்றது. தளம் முழுக்க ஷோபனா கைக்கு வந்தது. வந்த நாளிலேயே அவள் தம்பிக்குப் போன் போட்டாள்.

"ஏன்டா, எழுத்துக் கோப்பெல்லாம் ஆளு பேரு போட்டுத் தனித்தனியா அழகா வச்சிருக்க. படத்தையெல்லாம் ஏன்டா ஒரே ஃபோல்டர்ல கொட்டி வச்சிருக்க? பேரு கூட மாத்தல. கேமரா குடுத்த நம்பர் அப்படியே கெடக்கு."

"அக்கா, அது ஸ்டாட்டிக் ஃபோல்டர். எல்லாப் படமும் அங்கதான் இருக்கும். சாப்பாடு வருதுல்ல? சமையக்கட்டை எதுக்குப் பாக்குற?"

சமையல்கட்டைப் பார்க்காதே என்று யாரிடம் சொல்கிறான் பாருங்கள். ஆனால் ஷோபனாவுக்கும் அன்றைக்கு வேலை இருந்தது. அப்புறம் பார்க்கலாம் என்று விட்டாள். அந்த அப்புறம் வருவதற்குள் வருஷங்கள் ஓடிவிட்டன.

இந்த வருஷம் குடியரசு தினத்துக்கு மன்றத்தில் விளையாட்டுப் போட்டி நடந்தது. மியூசிக்கல் சேரில் ஜெயித்தவர் மன்றத் தலைவர் பக்தவத்சலம். பரிசு ஒரு பிளாஸ்டிக் வாளி. எழுபது வயதில் வாளியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு அவர் சிரித்த சிரிப்பைப் பாலகுமார் புதிதாக வாங்கிய கேமராவில் பிடித்தார். ஷோபனா அந்தப் படங்களை ஸ்டாட்டிக் ஃபோல்டருக்குள் போட்டபோது, இதே பேரில் சில படங்கள் ஏற்கெனவே இருக்கின்றன, மாற்றட்டுமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. எல்லாவற்றுக்கும் சரி என்று ஒரு தட்டு தட்டிவிட்டு அவள் எழுந்து ஓடினாள். புதுக் கேமராவும் மற்ற கேமராக்களைப் போலவே ஒன்றிலிருந்துதான் எண்ணத் தொடங்கும் என்பது அவளுக்குத் தோன்றவில்லை.

மறுநாள் காலை அன்னம்மாள் வந்தாள்.

அன்னம்மாள் அடுத்த தெரு. அவள் கணவர் கிருஷ்ணன் தீவுகளுக்கிடையே ஓடும் கப்பலில் எஞ்சின் ரூமில் இருந்தவர். கேபிள் வருவதற்கு முந்தின வருஷம் நெஞ்சுவலியில் போய்விட்டார். தளத்தில் அவருடைய மறைவுச் செய்தி இன்னும் இருக்கிறது. அன்னம்மாளின் போனைத் திறந்ததும் முதலில் தெரிகிற மாதிரி அந்தப் பக்கத்தை வைத்துக்கொடுத்தவளே ஷோபனாதான். தினமும் காலையில் குளித்துவிட்டு, சாமிக்கு விளக்கேற்றிவிட்டு, அன்னம்மாள் அதைத் திறந்து ஒரு தடவை பார்ப்பாள். அப்புறம்தான் காபி.

அன்றைக்குக் காபி குடிக்காமல் வந்திருந்தாள். போனை ஷோபனா கையில் கொடுத்தாள்.

"ஏம்மா ஷோபனா, அவரைக் காணோம். அவரு எடத்துல நம்ம தலைவரு வாளியோட நிக்காரு."

ஷோபனா பார்த்தாள். 'இறைவனடி சேர்ந்தார்' என்ற எழுத்துக்குக் கீழே பக்தவத்சலம் வாளியைத் தூக்கிக்கொண்டு வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தார். அவளுக்குச் சிரிப்பு வந்தது உண்மை. சிரித்த வாய் மூடுவதற்குள் விஷயம் புரிந்துவிட்டது. முந்தின நாள் அவள் தட்டிய 'சரி' கிருஷ்ணனின் படத்தை அழித்திருந்தது.

"இருங்கக்கா, பழைய படம் எங்கயாச்சும் இருக்கும். போட்டுடுறேன், டென்ஷன் ஆகாதீங்க," என்றாள்.

பழைய படம் எங்கேயும் இல்லை. சென்னைக்கு அனுப்பிய படத்தைத் தன் கம்ப்யூட்டரிலும் வைத்துக்கொள்கிறவள் இல்லை ஷோபனா. எழுத்துக் கோப்புகளின் பழைய நகல்களை அவள் ஒழுங்காகச் சேமித்துத்தான் வந்தாள். ஆனால் படங்களை அந்தச் சேமிப்பிலிருந்து அருண்பிரசாத் முதலிலேயே விலக்கி வைத்திருந்தான். நெட் மெதுவாக இருந்த காலத்துச் சிக்கனம் அது. நெட் வேகமான பிறகும் யாரும் அதை மாற்றவில்லை. தீவுக்காரர்களுக்கு அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. ஷோபனா இப்போதும் ஒரு படத்தை அனுப்புவதற்கு முன்னால் அதைச் சின்னதாக்கிவிட்டுத்தான் அனுப்புவாள்.

தம்பியைக் கேட்டாள். அவன் கம்ப்யூட்டரை மாற்றியபோது பழசெல்லாம் போய்விட்டது. படத்தை எடுத்தவர் கிருஷ்ணனோடு கப்பலில் வேலை பார்த்த வினோத்குமார். அவரைக் கேட்டாள். "அந்த கேமரா ஹேவ்லாக் தீவுல தண்ணிக்குள்ள போச்சும்மா," என்றார். வேறு படமே கிடையாதா என்றால், கல்யாண ஆல்பம் தீவு ஈரத்தில் பூஞ்சை பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தது. கிருஷ்ணனும் லேசில் படத்துக்கு நிற்கிற ஆள் இல்லை. கையெல்லாம் எண்ணெய், குளிச்சிட்டு வரேன் என்று போவார், திரும்பி வரமாட்டார். ஆதார் அட்டையில் ஒரு படம் இருந்தது. அதில் இருப்பது கிருஷ்ணன் இல்லை, அரசாங்கத்துக்குப் பயந்துபோன வேறு யாரோ என்பது அன்னம்மாளின் கட்சி.

"பரவால்லம்மா. நீ வேணும்னா செஞ்ச?" என்றுதான் அன்னம்மாள் சொன்னாள். ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. திட்டியிருந்தால் ஷோபனாவுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அதன் பிறகு தெருவில் பார்த்தபோதெல்லாம் அன்னம்மாளின் போன் இடுப்புப் பையில் கிடந்தது, வெளியே வரவில்லை. காலையில் இப்போது எதைப் பார்த்துவிட்டுக் காபி குடிக்கிறாள் என்று கேட்க ஷோபனாவுக்கு வாய் வரவில்லை. ஒரு மனுஷனை ரெண்டாம் தடவை அனுப்பிவிட்டோம் என்று அவள் பாலகுமாரிடம் சொல்லி அழுதாள்.

அழுது முடித்துவிட்டு வேலையில் இறங்கினாள். படம் கிடைக்கிறதோ இல்லையோ, இன்னொருத்தருக்கு இது நடக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கம்ப்யூட்டரைச் சாப்பாட்டு மேஜைக்குக் கொண்டுவந்து, ஒவ்வொரு செய்திக்கும் ஒரு தனி ஃபோல்டர் போட்டாள். அந்தச் செய்தியின் எழுத்தும் அதனுடைய படமும் அதற்குள்ளேயே, பக்கத்தில் பக்கத்தில். ஒரு வீட்டுப் படம் எந்த நம்பரோடு வந்தாலும் அடுத்த வீட்டுப் படத்தை இனி ஒன்றும் செய்ய முடியாது. மன்றத்தின் முத்திரை, முகப்பில் இருக்கிற முருகன் படம் மாதிரி எல்லாருக்கும் பொதுவானவை மட்டும் பழைய ஃபோல்டரிலேயே இருந்தன.

பாலகுமார் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார்.

"அப்ப எல்லாத்தையும் தனிக்குடித்தனம் வைக்கிற."

"ஆமா. கூட்டுக்குடும்பமா இருந்து ஒருத்தர் தட்டுல ஒருத்தர் கை வச்சதெல்லாம் போதும்."

"லம்பா லைன்ல எங்கம்மா வீட்டுலருந்து நம்மளக் கெளப்புறதுக்கு உனக்கு மூணே மாசம்தான் ஆச்சு. படத்துக்கு மட்டும் இத்தனை வருஷமா?"

"உங்கம்மா பேசுனாங்க, அதனால சீக்கிரம் கெளம்புனோம். படம் பேசல," என்றாள் ஷோபனா. அப்படிச் சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். வாளிக்குப் பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

காதுகுத்துகளும் கல்யாணங்களும் ஒவ்வொன்றாகத் தங்கள் படங்களோடு குடியேறின. கிருஷ்ணனின் ஃபோல்டரில் எழுத்து மட்டும் போய் உட்கார்ந்தது. பக்கத்து இடம் காலியாக இருந்தது. அந்தக் காலி இடத்தைப் பார்க்கப் பார்க்க ஷோபனாவுக்குப் பொறுக்கவில்லை. மறுபடியும் தம்பிக்குப் போன் போட்டாள்.

"டேய், நீ சின்னதாக்குறதுக்கு முன்னாடி இருந்த பெரிய படம் எதுலதான்டா வந்துச்சு?"

"பென்டிரைவ்லதான். நீதானே அனுப்புன."

"அந்தப் பென்டிரைவ் எங்க?"

"திருப்பி அனுப்பிட்டேனேக்கா. உங்க ஊரு பஸ் ஓட்டுற முத்துமணி அண்ணன் அம்மாவுக்கு வைத்தியம் பாக்க வந்திருந்தாருல்ல, அவரு கப்பல் ஏறும்போது குடுத்து விட்டேன். ஊரடங்குக்கு ஒரு வாரம் முன்னாடி. ஏன், வரலையா?"

வரவில்லை. ஊரடங்கு வந்தது, வீட்டைவிட்டு யாரும் வெளியே வரவில்லை; ஊரடங்கு முடிவதற்குள் கேபிள் வந்துவிட்டது. பென்டிரைவ் என்ற ஒன்று உலகத்தில் இருந்ததையே ஷோபனா மறந்துபோனாள்.

முத்துமணி கராச்சர்மாவிலிருந்து பஜாருக்கு ஓடும் தனியார் பஸ்ஸின் டிரைவர். போனை எடுத்ததும் பின்னால் பாட்டு காதைக் கிழித்தது.

"முத்துமணியண்ணே, சென்னையில என் தம்பி உங்ககிட்ட ஒரு பென்டிரைவ் குடுத்தானாமே?"

"ஹாங், குடுத்தாப்ல. செவப்பு கலரு. அதான் ஓடிட்டு இருக்கு, கேக்கலையா?"

"பஸ்லயா?"

"'பாட்டு போட்டிருக்கேண்ணே உங்களுக்கு'ன்னு சொல்லித்தானே குடுத்தாப்ல? எனக்குத்தான்னு வச்சுக்கிட்டேன். அரே, அது உங்களோடதாக்கா?"

கூலி எது, சரக்கு எது என்று அந்த மனுஷருக்குத் தெரியவில்லை. அதுவரை பென்டிரைவ் கொண்டுவந்து பழக்கமில்லாதவர். ஷோபனாவுக்குக் கோபம் வர நேரமில்லை.

"உள்ள இருந்ததை அழிச்சீங்களாண்ணே?"

"கசம் சே, சத்தியமா இல்லக்கா. எனக்கு அழிக்கத் தெரியாது. மேல மேல பாட்டு ஏத்த மட்டும்தான் தெரியும்."

அவள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பஸ் புறப்படும் இடத்துக்கு ஓடினாள். ஏறியதும் முதல் ஆளாகக் கண்ணில் பட்டது அன்னம்மாள். டிரைவருக்குப் பின் சீட்டில், மீன் வாங்கப் பஜாருக்குப் போகிறவளாகப் பையோடு உட்கார்ந்திருந்தாள். கிடைக்காவிட்டால் இவளிடம் என்ன சொல்வது என்று ஷோபனா யோசித்தாள். அதற்குள் முத்துமணி பென்டிரைவைப் பிடுங்கி அவளிடம் நீட்டிவிட்டார். பாட்டு பாதியில் நின்றது.

"கானா க்யோங் பந்த் கியா பாயி?" என்று பின்னாலிருந்து ஒருவர் பாட்டை நிறுத்தியதற்குச் சத்தம் போட்டார்.

"ஏக் மினிட், ஏக் மினிட். அர்ஜென்ட் காம் ஹை!" என்றபடி முத்துமணி பஸ்ஸை எடுத்தார்.

கம்பியில் சாய்ந்து நின்றபடி ஷோபனா திறந்தாள். பாட்டு, பாட்டு, பாட்டு. நூற்றுக்கணக்கில் ஒழுங்கில்லாமல் கொட்டிக் கிடந்தது. கீழே தள்ளிக்கொண்டே போனதில், அருண்பிரசாத்துக்கே உரிய லட்சணத்தில் 'புதுசு கடைசி ரெண்டு' என்று ஒரு ஃபோல்டர் இருந்தது. தம்பியின் ஒழுங்கீனத்தை அவள் முதல் தடவையாக மனசார வாழ்த்தினாள். உள்ளே கிருஷ்ணன் இருந்தார்.

தளத்தில் இருந்தது கழுத்துக்கு மேலே மட்டும் வெட்டி எடுத்த முகம். இது முழுப் படம். கப்பல் தளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். நெற்றியில் எண்ணெய்க் கறை. முன்னால் தூக்குச்சட்டி திறந்திருக்கிறது, ஒரு கை சோற்றில். கூப்பிட்டவரை நிமிர்ந்து பார்த்து, வாயில் சோறு இருக்கும்போதே சிரித்துவிட்டார்.

ஷோபனா லேப்டாப்பை அன்னம்மாளின் மடியில் வைத்தாள்.

அன்னம்மாள் முகத்தைப் பார்க்கவில்லை. முதலில் தூக்குச்சட்டியைத்தான் பார்த்தாள்.

"எம் மீன் கொழம்பு," என்றாள். "பாரேன், வாயில சோத்தோட சிரிக்காரு. சாப்புடும்போது சிரிக்காதீங்கன்னு எத்தனை தடவ சொல்லிருக்கேன்."

பிறகுதான் முகத்தைப் பார்த்தாள். பஸ் இரண்டு நிறுத்தம் தாண்டும்வரை பார்த்தாள். ஷோபனா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அது எங்கிருந்து கிடைத்தது என்ற கதையைச் சொன்னாள்.

"இந்தப் பாட்டுப் பொட்டிக்குள்ளயா இருந்தாரு?" என்றாள் அன்னம்மாள். "இத்தனை நாளும்? மார்க்கெட்டுக்கு, ஆஸ்பத்திரிக்கு, கோயிலுக்கு, எல்லாத்துக்கும் நான் இந்த பஸ்லதான் போறேன்."

"அக்கா, படத்தை நான் எடுத்துக்கிட்டேன். வீட்டுக்குப் போனதும் சைட்டுல அவரு பேருக்குக் கீழ போட்டுடுறேன். இதுல இருக்கறத அழிச்சுடட்டுமா? ஒரே படம் ரெண்டு எடத்துல இருந்தா பின்னாடி கொழப்பம்."

"அழிக்காத," என்றாள் அன்னம்மாள் உடனே. "கூட வரட்டும்."

ஷோபனா அழிக்கவில்லை. அவள் வாழ்க்கையில் ஒரு பொருளைத் தெரிந்தே இரண்டு இடத்தில் வைத்தது அது ஒன்றுதான். முத்துமணி பென்டிரைவைத் திரும்பச் செருகினார். நின்ற பாட்டு முதலிலிருந்து கிளம்பியது.

அடுத்த நிறுத்தத்தில் கூட்டம் ஏறியது. அன்னம்மாள் பக்கத்து சீட்டில் வைத்திருந்த மீன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் நகர்ந்தாள். காலி சீட்டைப் பார்த்து ஒரு பெங்காலிக்காரர் உட்காரப் போனார்.

"ஆத்மி ஹை பாயி," என்றாள் அன்னம்மாள். "ஆள் இருக்கு."

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். பக்கத்தில் நின்றுகொண்டிருந்த ஷோபனாவைத்தான் சொல்கிறாள் என்று நினைத்து, உட்காருங்கள் என்று கையைக் காட்டினார். ஷோபனா தலையை ஆட்டி மறுத்துவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு பஜார் வரை நின்றபடியே போனாள்.